பட்டுப்புழு மனைக்குள் வருவது ஊசி ஈதானா? ஆண், பெண் எப்படிப் பிரிப்பது?

ஐந்தாம் பருவப் புழு, அதாவது கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிப் பருவத்துப் புழு இருக்கும் மனையில், ஜன்னல் ஓரமாகக் கறுப்பு ஈ திரிகிறது, ஊசி ஈயா வீட்டு ஈயா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊசி ஈ என்பது பட்டுப்புழுவின் மேல் முட்டையிடும் ஈ, அதன் ஈப்புழு பட்டுப்புழுவுக்குள் புகுந்து தின்று வளரும். முதுகில் நாலு கோடு இருந்தால் ஊசி ஈ என்று பலரும் சொல்லிவிடுவார்கள், ஆனால் வீட்டு ஈக்கும் நாலு கோடு உண்டு. அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள். மூணு கோடும், வயிற்றில் சதுரங்கக் கட்டமும் தெரிந்தால் அது சதை ஈ, செத்த புழுவின் வாடைக்கு வந்திருக்கும்.

ஊசி ஈ வீட்டு ஈயைவிட நன்றாகப் பெரியது, 10 முதல் 12 மில்லிமீட்டர் வரும். வயிறு பின்னால் கூம்பிப் போகும், உடம்பெல்லாம் தடித்த முள்முடி. சந்தேகம் தீரவில்லையா, செத்த ஈ ஒன்றை வெள்ளைத் தாளில் போட்டு லென்ஸில் முகத்தைப் பாருங்கள்: உணர்கொம்பிலிருந்து கிளம்பும் மெல்லிய மயிர் வீட்டு ஈக்கும் சதை ஈக்கும் இறகு மாதிரி கிளைத்திருக்கும், ஊசி ஈக்கு மொட்டையாக இருக்கும்.

ஆண், பெண் விஷயம். வீட்டு ஈயில் இரண்டு கண்ணுக்கும் நடுவே இடைவெளி குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். ஊசி ஈயில் எனக்கு வயிறுதான் சுலபம். ஆண் கொஞ்சம் நீளம், வயிற்றின் இரு பக்கமும் முள்முடி அடர்த்தியாக இருக்கும், திருப்பிப் போட்டால் நுனியின் அடியில் செம்பழுப்பு முடி தெரியும். பெண்ணுக்குப் பக்கவாட்டு முடி குறைவு, பெரும்பாலும் நுனியை ஒட்டித்தான்.

ஆனால் சிக்கியதெல்லாம் ஆண் என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ஒரு பெண் ஈ முந்நூறுக்கு மேல் முட்டையிடும், அதுவும் ஒரே புழுவில் கொட்டாமல் புழுவுக்கு ஒன்று இரண்டாகப் பரப்பி வைத்துவிட்டுப் போகும், ஆகவே ஈயைவிடப் புழுவின் தோலைப் பாருங்கள். குண்டூசி முனையளவு வெள்ளைப் புள்ளி இருந்தால் முட்டை, கறுப்புத் தழும்பு இருந்தால் ஈப்புழு உள்ளே போயாச்சு. அப்புறம் அந்தப் புழு கூடு கட்டினாலும் ஈப்புழு துளைத்து வெளியே வந்துவிடும், ஓட்டைக் கூட்டில் நூல் எடுக்க முடியாது. ஜன்னலுக்கு நைலான் வலை அடித்து, வாசலுக்கு ஒரு முன்னறையும் போடுங்கள், தரையில் விரிசல் இருந்தால் சிமென்ட் பூசிவிடுங்கள், ஈப்புழு போய்க் கூட்டுப்புழுவாவது அங்கேதான்.