ஹாப்ஸ் கொடி விழுகிறது, மணமும் இல்லை: என்ன செய்வது?

கேள்வி: இங்கிலாந்தின் கென்ட்டில் சிறு தோட்டம் வைத்திருக்கிறேன். நூறு வருடம் முன்பு அங்கே பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியைப் பயிரிட்டார்களாம். வேலியோரம் பழைய தூர்கள் நாலைந்து இன்னும் தழைக்கின்றன. நைலான் கயிறு கட்டி ஏற்றினால் கொடி நழுவி விழுகிறது. போன செப்டம்பரில் அதன் கூம்பு போன்ற பூக்களைப் பறித்து, மூட்டையில் வைத்து, வாரக் கடைசியில் காயவைத்தேன், மணமே இல்லை. அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்கள்?

பதில்: முதலில் அந்த நைலானை எடுத்துவிடுங்கள். ஹாப்ஸுக்குப் பற்றுக்கம்பி கிடையாது. தண்டிலுள்ள கொக்கி போன்ற முரட்டு முடியால்தான் பிடித்து ஏறும், வழவழப்பான கயிற்றில் பிடிக்காது. கென்ட் விவசாயிகள் கட்டியது தென்னை நார்க் கயிறு; நம் ஊர்ச் சரக்கு! உயரத்தில் ஓடும் கம்பிகளில் அதைக் கட்ட, ஆட்கள் பொய்க்கால் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நடந்தார்கள். மே மாதவாக்கில் பெண்கள் வந்து, கயிற்றுக்கு இரண்டு மூன்று தளிர் மட்டும் விட்டுச் சுற்றிவிடுவார்கள். சுற்றுவது வலஞ்சுழியாக இருக்க வேண்டும். மாற்றிச் சுற்றினால் கொடி தானே அவிழ்ந்துவிடும்.

மணம் போனது மூட்டையில்தான். பச்சைக் கூம்பில் ஈரம் முக்கால் பங்குக்கும் மேல். குவித்து வைத்தால் சூடேறிப் புழுங்கிவிடும். அந்தக் காலத்தில் லண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தனி ரயிலில் வந்து, குடிசைகளில் தங்கி, மூன்று நான்கு வாரம் பறித்தார்கள். மரச் சட்டத்தில் சாக்கு தொங்கவிட்ட தொட்டியில் பறித்துப் போட, அளவுக்காரர் புஷல் என்னும் முகத்தல் அளவுக் கூடையால் அளந்து கணக்கு எழுதுவார். அளக்கும்போது கூடையில் அமுக்கினால் கூலி குறையும் என்று சண்டையே நடக்கும். அளந்த சரக்கு அன்றன்றைக்கே பண்ணையிலிருந்த ஓஸ்ட் என்னும் சூளைக் கட்டிடத்துக்குப் போய்விடும். கீழே நெருப்பு, மேலே துளையுள்ள தளத்தில் கூம்பு, உச்சியில் காற்றுக்கேற்பத் திரும்பும் வெள்ளைக் குல்லாய். காய்வதற்குச் சுமார் பத்து மணி நேரம்.

உங்களிடம் சூளை இல்லை, சரி. வலைத் தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, 60 டிகிரி செல்சியஸ் தாண்டாமல், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். நடுக்காம்பு மடங்காமல் ஒடிந்தால் காய்ந்துவிட்டது.

எப்போது பறிப்பது? கூம்பை நசுக்கிப் பாருங்கள். காகிதம்போல் சலசலத்து, உள்ளே லூபுலின் என்னும் மணம் தரும் மஞ்சள் பொடி விரலில் ஒட்டி மணந்தால் அன்றே பறிக்கலாம். மெத்தென்று ஈரமாக இருந்தால் சில நாள் பொறுங்கள். பறித்ததும் கொடியைத் தரையோடு வெட்ட வேண்டாம், மூன்றடி விட்டு வெட்டுங்கள். மிஞ்சிய இலை வேருக்குச் சத்து சேர்க்கும். குளிரில் காய்ந்த பிறகு அதையும் எடுத்துவிடலாம்.