முருங்கைக் காட்டை விற்று ஏஐ படிக்க வைக்க வேண்டாம்

வணக்கம் அம்மா. நீங்கள் எழுதியதைப் படித்தேன். அரவக்குறிச்சிப் பக்கம் உங்களுக்கு மூன்று ஏக்கர் முருங்கை. அரசுப் பள்ளியில் உயிரியல்-கணிதப் பிரிவில் பிளஸ் டூ முடித்த மகள் தோட்டக்கலை படிக்க ஆசைப்படுகிறாள். உங்கள் கொழுந்தனாரோ, ஒரு ஏக்கரை விற்றாவது கோவையில் மேனேஜ்மென்ட் சீட்டு வாங்கி ஏஐ (செயற்கை நுண்ணறிவு) படிக்க வைக்கச் சொல்கிறார். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் நல்லபடியாக நடக்கும் என்று ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. நிலத்தை விற்காதீர்கள். அவளுக்குக் கணினியில் ஈடுபாடு இருந்தால்கூடக் கவுன்சிலிங்கில் கிடைக்கும் சீட்டே போதும். ஈடுபாடே இல்லாதபோது எதற்கு இந்தச் செலவு?

அவள் கேட்பது நான்காண்டு பி.எஸ்சி. தோட்டக்கலை. பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பி.கே.எம்-1 செடிமுருங்கை அங்கிருந்து வந்ததுதான். சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணில், நீட் கிடையாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட்டு கிடைத்தால் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே கட்டும். மதிப்பெண் போதாவிட்டால் இரண்டாண்டு டிப்ளமோ இருக்கிறது.

"படித்துவிட்டு மறுபடி காட்டுக்கா?" என்று உறவினர்கள் கேட்பார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒரு வழியைச் சொல்கிறேன். சொந்தமாக வேளாண் தொழில் தொடங்க உதவும், 2002 முதல் மத்திய அரசு நடத்தும் 'அக்ரி கிளினிக், அக்ரி பிசினஸ் சென்டர்' திட்டம் அது. வேளாண், தோட்டக்கலைப் பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் சேரலாம். ஐதராபாத்தில் உள்ள மேனேஜ் எனும் தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனத்தின் மேற்பார்வையில் 45 நாள் பயிற்சி. தங்கிப் படிக்கலாம், கட்டணம் இல்லை. திட்ட அறிக்கை தயாரிக்க அங்கேயே கைகொடுப்பார்கள். முடித்த பிறகும் ஓராண்டு வழிகாட்டுவார்கள். நாற்றங்கால், மண் பரிசோதனை, இடுபொருள் கடை, மருந்து தெளிக்கும் கருவி வாடகை, விளைபொருளைப் பதப்படுத்துவது என்று எதையும் தொடங்கலாம். தனிநபருக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்கு நபார்டு வங்கி வழியாக மானியம் உண்டு. பொதுவாக 36 சதவீதம், பெண்களுக்கு 44. உங்கள் மகளுக்கு இது பெரிய வித்தியாசம்.

அவள் படித்து முடிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2020-ல் தொடங்கிய பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், பட்டம் தேவையில்லை. சீசனில் காய் விலை விழும்போது கையைப் பிசைவதைவிட, இலையை வெயில் படாமல், பச்சை நிறம் போகாமல் உலர்த்திப் பொடியாக்கலாம். உலர்த்தும் இயந்திரம், அரைவை இயந்திரம், பேக்கிங் எல்லாம் சேர்த்து 8 லட்சம் ஆகிறது என்று வையுங்கள். 35 சதவீத மானியம் 2.80 லட்சம் (உச்சவரம்பு 10 லட்சம்). உங்கள் கையிருப்பாகக் குறைந்தது 80 ஆயிரம் வேண்டும். விண்ணப்பம், வங்கிக் கடன், உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகியவற்றுக்கு மாவட்ட வள நபர் உதவுவார். அவருக்கான ஊதியத்தைத் திட்டமே தருகிறது. "மானியம் வாங்கித் தருகிறேன்" என்று கமிஷன் கேட்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு திட்டத்திலும் மானியம் கையில் வராது. கடன் கணக்கை ஒட்டித் தனியே வைக்கப்பட்டு, தவணை தவறாமல் மூன்றாண்டு ஓடிய பிறகே கடனில் கழிக்கப்படும். அதை நம்பிக் கல்யாணச் செலவோ வீட்டுச் செலவோ போட்டால் கடன்தான் மிஞ்சும். இயந்திரம் வாங்கும் முன்பே பொடியை யார் வாங்கப்போகிறார்கள் என்று விசாரித்து வையுங்கள். வாங்க ஆளில்லாமல் மானியத்துக்காகத் தொடங்கும் தொழில் வேண்டவே வேண்டாம்.

கொழுந்தனாரிடம் நீங்கள் வாதாட வேண்டியதில்லை. இந்த வாரமே மகளை அழைத்துக்கொண்டு கரூர் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய், உணவுப் பதப்படுத்தும் திட்டம் இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்பதையும், நடப்பு ஆண்டு ஒதுக்கீட்டையும், வள நபர் யார் என்பதையும் கேளுங்கள். அங்கே கேள்விகளை அவளே கேட்கட்டும். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி தவறிவிடக் கூடாது, அதை முதலில் முடித்துவிடுங்கள்.