டிக்கின்சனின் தனிக்குரல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ஹெவி மெட்டல் இசை பற்றிய உங்கள் கட்டுரையில், பிரிட்டிஷ் பேண்டான அயர்ன் மெய்டனின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் தனியாகப் போட்ட ‘தி கெமிக்கல் வெட்டிங்’ ஆல்பத்தை ஒரே வரியில் புகழ்ந்துவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் கல்லூரிக் காலத்திலிருந்து அயர்ன் மெய்டன் கேட்பவன். பாடகர்கள் தனியாகப் போடும் ஆல்பங்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பில்லை. பேண்டில் எடுபடாத பாட்டுகளைச் சேர்த்து வைத்ததுபோலவே இருக்கும். இந்த ஆல்பம் 1998இல் வந்தது. அடுத்த வருடமே அவர் மெய்டனுக்குத் திரும்பிவிட்டார். அப்படியென்றால் அவரே இதைப் பெரிதாக நினைக்கவில்லை என்றுதானே அர்த்தம்? மெய்டனில் கிடைக்காத எது இதில் கிடைக்கிறது?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

உங்கள் சந்தேகம் பல தனி ஆல்பங்களுக்குப் பொருந்தும். டிக்கின்சன் மெய்டனில் இருந்துகொண்டே 1990இல் போட்ட ‘டாட்டூட் மில்லியனேர்’ உற்சாகமான ராக் ஆல்பம், அவ்வளவுதான். 1993இல் பேண்டைவிட்டு விலகிய பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. மெய்டன் பாடகர் என்ற அடையாளத்தை உதறப் பார்த்தார். 1996இல் ‘ஸ்கங்க்வொர்க்ஸ்’ ஆல்பத்துக்கு, நிர்வாணா என்ற அமெரிக்க ராக் பேண்டின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்த ஜாக் எண்டினோவைத் தயாரிப்பாளராக வைத்துக்கொண்டார். நீளமுடியை வெட்டினார். நல்ல பாட்டுகள் அதில் உண்டு. ஆனால் மெய்டன் சாயல் வந்துவிடக்கூடாது என்ற பதற்றம் எல்லாவற்றிலும் கேட்கிறது.

அந்தப் பதற்றம் போன பிறகு வந்தவைதான் ‘ஆக்சிடென்ட் ஆஃப் பர்த்’தும் (1997) ‘தி கெமிக்கல் வெட்டிங்’கும். இரண்டிலும் கிடார் வாசித்தவர்களில் ஒருவர் ஏட்ரியன் ஸ்மித், 1990இல் மெய்டனிலிருந்து விலகியவர். இன்னொருவர் ராய் இசட், தயாரிப்பாளரும் அவரே. பழைய சகா பக்கத்தில் நிற்கிறார், இசை முழுக்க மெட்டல். ஓடுவதை நிறுத்திய இடத்தில்தான் டிக்கின்சனுக்குத் தன் சொந்த ஆல்பம் கிடைத்தது என்பது என் எண்ணம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மெய்டனில் ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் கிடார் குதிரைப் பாய்ச்சலில் முன்னால் ஓடும். அதற்கு மேலே, உச்ச ஸ்தாயியில் டிக்கின்சன் பறக்க வேண்டும். அந்த அழகு தனி, நானும் அதற்கு அடிமை. ஆனால் ‘கெமிக்கல் வெட்டிங்’கில் கிடார்களின் சுருதி நன்றாகக் கீழே இறங்கியிருக்கிறது, வேகமும் பல இடங்களில் குறைவு. அதனால் குரலுக்கு நடுவே பெரிய இடம் கிடைக்கிறது. அவருடைய மத்திம ஸ்தாயி எவ்வளவு கனமானது, ஒரு சொல்லை அவர் எப்படி இழுத்து நிறுத்துகிறார் என்பதெல்லாம் எனக்கு இந்த ஆல்பத்தில்தான் முழுதாகக் கேட்டது. ‘கேட்ஸ் ஆஃப் யூரிசன்’ பாட்டை ராத்திரியில் ஹெட்ஃபோனில் கேளுங்கள். கத்த வேண்டிய அவசியமே இல்லாத ஒரு மெட்டல் பாடகரைக் கேட்பீர்கள்.

இரண்டாவது, ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக். மெய்டனும் இலக்கியத்தைத் தொட்ட பேண்ட்தான். ஆனால் அங்கே பெரும்பாலும் ஒரு பாட்டோடு அது முடிந்துவிடும். இங்கே ஆல்பத்தின் பெரும்பகுதியில் டிக்கின்சன் ஒரே கவிஞனோடு தங்கியிருக்கிறார். அட்டையில் இருப்பது பிளேக் 1819–20 வாக்கில் வரைந்த ‘ஒரு தெள்ளுப்பூச்சியின் ஆவி’. அசல் ஓவியம் ஒரு சாண் உயரம்கூட இருக்காது. தசை முறுக்கேறிய ஒரு பூதம், கையில் ரத்தக் கிண்ணம். எந்த மெட்டல் ஓவியரும் இதைவிடப் பொருத்தமாக ஒன்றை வரைந்துவிட முடியாது. பாட்டுகளுக்கு நடுவே பிளேக்கின் வரிகளை ஆர்தர் பிரவுன் வாசிக்கிறார். 1968இல் ‘ஃபயர்’ பாட்டால் புகழ்பெற்ற பாடகர்.

‘ஜெருசலேம்’ பாட்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அது பிளேக்கின் ‘மில்டன்’ நூலின் முன்னுரையில் வரும் சின்னக் கவிதை. 1916இல், முதல் உலகப்போரின் நடுவே, ஹியூபர்ட் பேரி என்ற இசையமைப்பாளர் அதற்கு மெட்டமைத்தார். இன்று இங்கிலாந்தில் கிட்டத்தட்ட இன்னொரு தேசியகீதம்போல, கிரிக்கெட் மைதானம்வரை பாடுகிறார்கள். ஆனால் பிளேக் அரசுக்கும் திருச்சபைக்கும் எதிராக எழுதிய ஆள். மன்னரைப் பற்றித் தவறாகப் பேசினார் என்று ராஜதுரோக வழக்கில் 1804இல் நீதிமன்றத்தில் நின்று விடுதலையானவர். டிக்கின்சன் பேரியின் மெட்டைப் பயன்படுத்தவில்லை. நாட்டுப்பாடல் சாயலில் மெதுவாகத் தொடங்கி, தன் வரிகளையும் சேர்த்து, ஆறு நிமிடத்துக்கும் மேல் வளர்த்துக்கொண்டு போகிறார். கூட்டமாகச் சேர்ந்து பாடும் கீதம் அங்கே மறுபடியும் ஒற்றை மனிதனின் கோபமும் ஏக்கமுமாக மாறுகிறது. இந்த ஒரு பாட்டுக்காகவே இந்த ஆல்பத்தை நான் யாரிடமும் வாதாடுவேன்.

ஆல்பத்தில் எல்லாப் பாட்டும் சமமில்லை. ‘ட்ரம்பெட்ஸ் ஆஃப் ஜெரிக்கோ’ என்னைப் பெரிதாக இழுத்ததில்லை.

அப்புறம், 1999இல் திரும்பிப் போனது. ஸ்மித்தும் கூடவே போனார். 2000இல் வந்த ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ ஆல்பத்தையும் 1992இல் வந்த ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். திரும்பிவந்த குரல் முன்பைவிட அகலமானது, நிதானமானது. வெளியே கற்றதை உள்ளே கொண்டுவந்திருக்கிறார். தனிவழியையும் அவர் கைவிடவில்லை. 2005இல் ‘டிரனி ஆஃப் சோல்ஸ்’. 2015இல் நாக்கின் பின்பகுதியில் வந்த புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டார். பிறகு 2024இல், மறுபடியும் ராய் இசட்டோடு, ‘தி மேன்ட்ரேக் புராஜெக்ட்’. அதே வருடச் சுற்றுப்பயணத்தில் ‘கெமிக்கல் வெட்டிங்’ பாட்டுகள் பலவற்றை மேடையில் பாடினார். அவர் அதைச் சின்னதாக நினைத்திருக்க வாய்ப்பில்லை.

கேட்கும்போது ஒன்று செய்யுங்கள். இடையில் நிறுத்தாமல் கடைசிப் பாட்டான ‘தி ஆல்கெமிஸ்ட்’ வரை போங்கள். அதன் முடிவில் தலைப்புப் பாட்டின் பல்லவி திரும்ப வருகிறது. தனியாக அந்தப் பாட்டை மட்டும் போட்டால் அது எடுபடாது.

அன்புடன்.