நெட்ஃபிளிக்ஸில் இல்லாத வரிசை கிளவுட் கேமிங்கில் ஏன்?

வாசகர் கேள்வி: மாதச் சந்தா கட்டி கிளவுட் கேமிங் ஆடுகிறேன்; விளையாட்டு எங்கோ ஒரு சர்வரில் ஓட, காட்சி மட்டும் இணையம் வழியே என் திரைக்கு வருகிறது. வீட்டு இணைப்பு நல்ல வேகம்தான். ஆனாலும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் உள்ளே போனால் வரிசையில் காத்திருக்கச் சொல்கிறது. நெட்ஃபிளிக்ஸ் ஒருநாளும் இப்படி நிறுத்தி வைத்ததில்லை. காசு வாங்குகிறவர்கள் இன்னும் நாலு சர்வர் வாங்கிப் போட்டால் என்ன? அப்புறம், சோனியின் பழைய பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3) கன்சோலின் விளையாட்டுகளை புதிய பிஎஸ்5-இல் ஸ்ட்ரீமிங்காக மட்டும் தருகிறார்களே, ஏன்? என் பழைய பிஎஸ்3 பரணில் கிடக்கிறது. ஆண்டுச் சந்தாவுக்கு மாறலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு மாற வேண்டாம். கோளாறு உங்கள் இணைப்பில் இல்லை, சர்வர் அறையில் இருக்கிறது. அது சீக்கிரம் தீரக்கூடியதும் இல்லை.

படம் என்பது சமைத்து வைத்த சாம்பார். ஒருமுறை வைத்துவிட்டால் வருகிறவர்களுக்கு ஊற்றிக்கொண்டே இருக்கலாம். விளையாட்டு அப்படியில்லை, தோசை. நீங்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஊற்றவே முடியும். போதாததற்கு, நீங்கள் எழுந்து போகும்வரை அந்தக் கல் உங்களுக்கே. நீங்கள் அழுத்தும் பட்டனுக்கு ஏற்ப ஒவ்வொரு காட்சியையும் உங்கள் ஒருவருக்காகப் புதிதாக வரைந்து, வீடியோவாகச் சுருக்கி அனுப்ப வேண்டும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஆடினால் கிட்டத்தட்ட ஆயிரம் கன்சோல்கள் எங்கோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

கன்சோல்கள் என்று நான் சொல்வது பேச்சுக்கு அல்ல. 2018 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்கிளவுட் என்ற தன் கிளவுட் கேமிங் திட்டத்தை அறிவித்தபோது, தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் கன்சோலின் உள்பாகங்களை சர்வர் பிளேடு என்ற தட்டையான பெட்டிக்குள் அடுக்கியதைத்தான் வீடியோவில் காட்டியது. சாதாரண சர்வரை வைத்து ஓட்ட முடியாதா என்றால், முடியும். ஆனால் ஏற்கெனவே வெளிவந்த நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் அந்தக் குறிப்பிட்ட சிப்புக்காகவே எழுதப்பட்டவை. சர்வரை மாற்றினால் விளையாட்டையும் மாற்றி எழுத வேண்டும். கூகுளின் கிளவுட் கேமிங் சேவையான ஸ்டேடியா போனது அந்த வழியில்தான். லினக்ஸ் இயங்குதளம், காட்சி வரைய வல்கன் மென்பொருள் என்று தனி மேடை போட்டு, கம்பெனிகளை அதற்கேற்ப மாற்றித் தரச் சொன்னது. 2019 நவம்பரில் தொடங்கி 2023 ஜனவரியில் மூடிவிட்டார்கள். மூடியதற்குக் காரணம் அது ஒன்று மட்டும் அல்ல, ஆனால் கன்சோல்காரர்கள் ஏன் சொந்த கன்சோல் போர்டையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்பது இதில் விளங்கும்.

சரி, போர்டையே அடுக்கட்டுமே என்கிறீர்களா? மின்சாரத்தைப் பார்ப்போம். பிஎஸ்5 கனமான விளையாட்டு ஓட்டும்போது சுமார் 200 வாட் இழுக்கும். டேட்டா சென்டரில் ஒரே ரேக்கில், அதாவது சர்வர் அடுக்கும் அலமாரியில், அப்படி நாற்பதை வைத்தால் 8,000 வாட். ஒரு பீரோ அளவு இடத்துக்குள் எட்டு ஹீட்டரை ஒன்றாகப் போட்ட சூடு அது. ரேக்கின் பின்பக்கம் நின்றால் டீக்கடை பாய்லரை ஒட்டி நின்ற மாதிரி இருக்கும், காதில் ஃபேன் சத்தம் தவிர வேறொன்றும் விழாது. இத்தனை சிரமத்துக்கும் ஆடுகிறவர்கள் நாற்பதே பேர்.

இதைவிடப் பெரிய சிக்கல் தூரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்பவே 10 மில்லிசெகண்ட் போய்விடும், நடுவில் உள்ள ரவுட்டர்கள் தின்பது தனிக்கணக்கு. நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேமுக்கு இருப்பதே 16.7 மில்லிசெகண்ட். அதனால் சர்வர் உங்கள் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் லேக் அடிக்கும், பட்டனை அழுத்தியது திரையில் தாமதமாகத் தெரியும். அதாவது, ஐரோப்பாவில் ராத்திரி எட்டு மணிக்கு எல்லாரும் ஒன்றாக உட்காரும்போது, அமெரிக்காவில் பிற்பகலில் சும்மா இருக்கும் போர்டுகளை இரவல் வாங்க முடியாது. அந்தந்த ஊர் கூட்டத்துக்கு அந்தந்த ஊரிலேயே கல் வேண்டும். எட்டு மணிக் கூட்டத்துக்கு ஏற்ப வாங்கிப் போட்டால், விடிகாலை நான்கு மணிக்கு பாதிக்கு மேல் தூங்கும். கன்சோல் போர்டை அந்த நேரத்தில் வேறு வேலைக்கு வாடகைக்கு விடுவதும் லேசில்லை. ஆகவே கொஞ்சம் குறைவாகவே வாங்கிப் போட்டு, மிச்சப் பேரை வரிசையில் நிறுத்துகிறார்கள். உங்கள் "இன்னும் நாலு சர்வர்" கேள்விக்கு விடை இதுதான். எனக்கும் இது பிடிக்கவில்லை, ஆனால் அவர்கள் கணக்கு தப்பில்லை.

ஓரளவு தப்பிக்க மைக்ரோசாஃப்ட்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் சிப்பை வடிவமைக்கும்போதே சர்வரையும் மனதில் வைத்து, ஒரே சிப்பில் நான்கு எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் விளையாட்டுகள் ஒன்றாக ஓடும்படி செய்தார்கள். பழைய விளையாட்டு என்றால் ஒரு கல்லில் நாலு தோசை. புது விளையாட்டு முழுக் கல்லையும் கேட்கும், அங்கே இந்த லாபம் இல்லை.

இப்போது பிஎஸ்3. அதில் இருப்பது செல் என்ற விசித்திரமான பிராசஸர்: ஒரு பெரிய கோர் (கணக்குப் போடும் பகுதி), அதற்குக் கீழே தனித்தனியாக வேலை வாங்க வேண்டிய சின்னச் சின்ன கோர்கள். 2013-இல் பிஎஸ்4 வந்தபோது சோனி சாதாரண கம்ப்யூட்டர் வகை சிப்புக்கு மாறிவிட்டது. பழையதைப் புதியதில் நடிக்க வைப்பது பெரும்பாடு. அதனால் 2012-இல் 38 கோடி டாலருக்கு வாங்கிய கைக்காய் என்ற கிளவுட் கேமிங் நிறுவனத்தை வைத்து, 2014-இல் பிளேஸ்டேஷன் நவ் என்ற ஸ்ட்ரீமிங் சேவையைத் தொடங்கினார்கள். அதற்காக எட்டு பிஎஸ்3-களை ஒரே மதர்போர்டில் திணித்துத் தனி சர்வர் செய்ததாக அப்போது செய்தி வந்தது. நீங்கள் பிஎஸ்5-இல் பார்ப்பது சர்வரில் ஓடும் விளையாட்டின் வீடியோவைத்தான். டவுன்லோடு பட்டன் இல்லாதது அதனால்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: மாதச் சந்தாவிலேயே இருங்கள். வெள்ளி, சனி இரவுகளில் இரண்டு வாரம் போய்ப் பார்த்து, எத்தனை நிமிடம் நிற்க வைக்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். டவுன்லோடு கிடைக்கும் விளையாட்டை ஒருபோதும் ஸ்ட்ரீமிங்கில் ஆடாதீர்கள், கன்சோல் வீட்டிலேயே இருக்கும்போது அது வீண். ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்துவிட்டால் வைஃபையால் வரும் திக்கலாவது போகும், வரிசை போகாது.

பரணில் இருக்கும் பிஎஸ்3-ஐ பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தூசி தட்டி, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் மாற்றி, டிஸ்க் படிக்கிறதா என்று பாருங்கள். படித்தால், அந்த விளையாட்டுகளுக்கு நீங்கள் எந்த வரிசையிலும் நிற்க வேண்டியதில்லை.