கண்டம் வரிசையில் என் முதலிடம் ஆறு பகுதிக் கதைக்குத்தான்

கண்டம் (Gundam) என்ற ஜப்பானிய ரோபோக் கார்ட்டூன் தொடர்களைப் பற்றி வந்த கேள்வி இதுதான்: “கண்டம் தொடர்களைத் தரவரிசைப்படுத்தினால் முதலிடம் எதற்கு? புதிதாகப் பார்ப்பவர் எதில் தொடங்கலாம்?”

நீங்கள் அனேகமாக யாரோ பரிசாகத் தந்த ஒரு மொடலைப் பொருத்தி முடித்திருப்பீர்கள், யூடியூபில் நாலு சண்டைக் காட்சி பார்த்திருப்பீர்கள், அப்புறம் முழுப் பட்டியலையும் தேடிப் பார்த்துத் தலை சுற்றி இங்கே வந்திருப்பீர்கள். 1979 இல் தொடங்கியது இன்னும் நிற்கவில்லை. அதனால் கேள்வி நியாயமானது. ஆனால் இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில்களில் எந்த ரோபோ பலமானது, எந்தச் சண்டை அழகாக வரையப்பட்டது என்பதே அளவுகோலாக இருக்கிறது. என் அளவுகோல் வேறு. அந்த இயந்திரங்களின் காலடியில் வீடு வாசலோடு இருக்கிற சனத்தை ஒரு தொடர் எப்படிக் காட்டுகிறது என்று பார்ப்பேன். அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

முதலிடம்: வார் இன் த பொக்கெட். 1989 இல் வந்தது, மொத்தம் ஆறு பகுதி. கண்டத்தை உருவாக்கிய தொமினோ இயக்காத முதல் கண்டம் இது. இயக்குநர் ஃபுமிஹிக்கோ தகயாமா. இனி கதை முழுவதையும் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் அடுத்த பந்தியைத் தாண்டிப் போகலாம்.

நடுநிலையாக இருக்கும் ஒரு விண்வெளிக் குடியிருப்பில் அல் என்றொரு பள்ளிச் சிறுவன். அவனுக்குப் போர் என்றால் விளையாட்டு. இராணுவச் சின்னங்கள் வைத்திருப்பவன்தான் வகுப்பில் பெரிய ஆள். ஒருநாள் ஒரு ஸாக்கு, அதாவது போரிடும் இரு தரப்பில் ஒன்றான ஸியோனின் ரோபோ, அவன் ஊருக்குள்ளேயே வந்து விழுகிறது. மற்றப் பிள்ளைகள் ஓடி ஒளிய வேண்டிய நேரத்தில் இவன் கமராவைத் தூக்கிக்கொண்டு அதை நோக்கி ஓடுகிறான். அதை ஓட்டி வந்த பெர்னி இவனை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறான். இவனுக்கோ பயத்தைவிட அவன் அணிந்திருக்கும் சின்னத்தில்தான் கண். பிறகு இருவரும் அண்ணன் தம்பி போல் ஆகிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா கிறிஸ், எதிர்த்தரப்பின் இரகசியக் கண்டம் ரோபோவைச் சோதித்துப் பார்க்கும் விமானி. பெர்னிக்கு அது தெரியாது, கிறிஸுக்கு இவன் யாரென்று தெரியாது. கடைசியில் கிறிஸ்மஸ் நாளில் இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமலே மோதுகிறார்கள். அந்தச் சண்டைக்கான காரணமே அதற்கு முன் இல்லாமல் போய்விட்டது. அது தெரிந்து அல் மூச்சிரைக்க ஓடுகிறான், பிந்திவிடுகிறான். பிறகு கிறிஸ் பூமிக்குப் புறப்படும்போது, “பெர்னியிடம் நான் விடைபெற்றதாகச் சொல்” என்று இவனிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். இவன் உண்மையைச் சொல்லவில்லை.

இதில் என்ன பெரிய விசயம், சோகமான முடிவு உள்ள எல்லாவற்றையும் உயர்ந்தது என்பார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்காக என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில், 1984 இல். எங்களிடம் ஒரு நெஸ்டமோல்ட் பேணி இருந்தது. அதற்குள் நான் ரவைக் கோது சேர்த்து வைத்திருந்தேன். ஏ.கே. கோது எல்லாரிடமும் இருக்கும். ஃபிஃப்டி கலிபர் கோது வைத்திருப்பவன் வகுப்பில் ராசா. ஐந்து சின்னக் கோதுக்கு ஒரு பெரியது என்று பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் மாற்றுவோம். பித்தளைக் கோதுகளைப் புளியும் சாம்பலும் போட்டு அம்மம்மா குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரி மினுக்குவோம். வானத்தில் சத்தம் கேட்டால் ஹெலியா, சியாமாசெட்டியா, புக்காராவா, சகடையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பெரியவர்கள் பங்கருக்குள் இறங்கும்போது கடைசியாக இறங்குபவன் நான், அதையும் பெருமையாக நினைத்தேன். சந்தோசமாக இருந்தோம் என்று சொன்னால் ஆட்களுக்குப் பிடிக்காது. ஆனால் உண்மையில் அந்தப் பேணியைக் கையில் எடுத்த நேரமெல்லாம் நான் சந்தோசமாகத்தான் இருந்தேன்.

சத்தங்களைப் பிரித்தறியச் சொல்லித் தந்தது எங்கள் ஒழுங்கையில் சைக்கிள் திருத்தும் அண்ணா. ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுவிட்டு, தண்ணீர்ச் சட்டிக்குள் அமிழ்த்தி, காற்றுக் குமிழி வருகிறதா என்று என்னைத்தான் பார்க்கச் சொல்வார். ஒருநாள் கடை பூட்டிக் கிடந்தது. சில மாதங்களுக்குப் பிறகு சந்தி மதிலில் ஒட்டிய ஒரு படத்தில் அவருடைய முகம் இருந்தது, கீழே எனக்குத் தெரியாத ஒரு பெயர். நான் அழவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில், “எனக்கு இவரைத் தெரியும், என்னோடு கதைப்பார்” என்று எல்லாரிடமும் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு ஊரே வெளிக்கிட்டது. நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் சனம் அடி அடியாக நகர்ந்தது. என் பையில் ஏன் இத்தனை பாரம் என்று அம்மா கையை விட்டுப் பார்த்தார். பேணியைத் திறந்து, ஒரு வார்த்தை பேசாமல், எல்லாக் கோதையும் ஒரே கொட்டாகக் கடலுக்குள் கொட்டினார். வெறும் பேணியைத் திருப்பித் தந்தார், மழைத் தண்ணீர் பிடித்துக் குடிக்க.

2002 குளிர்காலத்தில் ரொறன்ரோவில் ஒரு வாடகை டிவிடியில் அல் என்ற அந்தப் பையனைப் பார்த்தேன். கண்டம் எனக்கு அதற்கு முன்பே தெரியும். இங்கே வந்த புதிதில் விங் என்ற கண்டம் தொடரைப் பார்த்துத்தான் ஆங்கிலம் பழகினேன். ஆனால் இதன் ஆறாம் பகுதியில் அவன் பள்ளிக்கூடக் கூட்டத்தில் நின்று அழத் தொடங்கியபோது சைக்கிள் கடை அண்ணாவுக்காக நான் அழுதேன். ஏழு வருடம் பிந்தி. பக்கத்து அறையில் அம்மா எழும்பிவிடுவாரோ என்று தலையணையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். எனவே முதலிடம் இதற்குத்தான், இதில் விவாதத்துக்கு நான் வரவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதை வாசித்துவிட்டு நான் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வரவேண்டாம். பதினொரு வயதுப் பெடியன் ஒருவன் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். சில வருடங்களுக்கு முன் இங்குள்ள ஓர் ஊர்ச் சங்கம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டது. இந்தப் பேணிக் கதையை எழுதிக் கொடுத்தேன். மலர் வந்தபோது கோது சேர்த்த பகுதி, மாற்றிய பகுதி, மினுக்கிய பகுதி எதுவுமே இல்லை. “சிறுவர்கள் அஞ்சி நடுங்கினர்” என்று என் பெயரில் ஒரு வசனம் இருந்தது, நான் எழுதாத வசனம். கேட்டதற்கு, “இப்படி எழுதினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்” என்றார்கள். ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் 1989 இலேயே துணிந்து சொன்னதை எங்கள் மலரில் சொல்ல முடியவில்லை. அது இன்னும் ஆறவில்லை.

சரி, வரிசைக்கு வருகிறேன்.

இரண்டாவது, 1979 இல் வந்த முதல் தொடர். வரைகலை பழசு, சில இடங்களில் கையும் காலும் கோணலாக இருக்கும், மறுக்கவில்லை. பார்வையாளர் குறைவு, பொம்மை விற்பனையும் சரியில்லை என்று 52 பகுதியாகத் திட்டமிட்டதை 43 இல் நிறுத்திவிட்டார்கள். 1980 யூலையில் பண்டாய் நிறுவனம் 300 யென்னுக்கு விற்கத் தொடங்கிய பிளாஸ்டிக் மொடலும், மறு ஒளிபரப்பும், 1981, 82 இல் வந்த மூன்று தொகுப்புப் படங்களும்தான் அதைக் காப்பாற்றின. எனக்கு அது பிடித்ததற்குக் காரணம் எட்டாம் பகுதி. போர்க்கப்பலில் அகதிகளாக வந்த ஒரு தாயும் சின்ன மகனும், கணவன் ஊருக்குப் போகவேண்டும் என்று வெறும் வெளியில் இறங்கி நடக்கிறார்கள். எதிரிச் சிப்பாய்கள் மேலிருந்து சாப்பாட்டுப் பொருள் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த ஊர் இருந்த இடமே இதுதான் என்று அவளுக்குத் தெரியவருகிறது, அங்கே ஒன்றுமில்லை. இடம்பெயர்ந்து திரும்பிப் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது அயர்ன்-பிளடட் ஓர்ஃபன்ஸ், 2015 முதல் 2017 வரை, 50 பகுதி. செவ்வாய்க் கிரகத்துப் பெடியன்கள், முதுகெலும்பில் கருவி பதித்துச் சண்டைக்கு அனுப்பப்படுபவர்கள். அந்தக் கருவிக்கு ‘ஆலய விஞ்ஞானம்’ என்ற பௌத்த தத்துவச் சொல்லைப் பெயராக வைத்திருக்கிறார்கள். முடிவு பிடிக்கவில்லை என்று நிறையப் பேர் திட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் வென்று மாலை போட்டு வந்திருந்தால்தான் நான் திட்டியிருப்பேன்.

அதற்குப் பின் 1985 இன் ஸீட்டா. அதைக் கீழே இறக்கிவிட்டேன் என்று கோபிப்பவர்கள் கோபிக்கலாம், அதன் கதாநாயகன் கமீலின் முடிவு என்னையும் உலுக்கியதுதான், ஆனால் நடுவில் யார் எந்த அணியில் நிற்கிறார்கள் என்றே தெரியாமல் பத்துப் பகுதி போகிறது. அப்புறம் 1999 இன் டர்ன் ஏ. மாநிற உடம்புள்ள, மென்மையான லொரான் என்ற கதாநாயகன், கண்டத்தை வைத்து மாடு ஏற்றிப் போகிறான், அந்த ஒன்றுக்காகவே பார்க்கலாம். 2022 இன் விட்ச் ஃப்ரம் மெர்க்குரியை என் மகளோடு பார்த்தேன், பிரதான தொலைக்காட்சித் தொடர்களில் பெண் கதாநாயகி வந்தது அதில்தான் முதல் தடவை. 24 பகுதிக்குள் அவசரமாக முடித்தது மட்டும் குறை. யூனிகோர்னின் இசை அருமை. சீட், விங், ஜி கண்டம் மூன்றும் பொழுதுபோக்குக்கு நல்லவை. ஏஜ், சீட் டெஸ்டினி இரண்டும் கடைசி வரிசை, அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

டபுள் ஓ என்ற தொடர் எங்கே என்று கேட்பீர்கள். அதை என்னால் வரிசையில் வைக்க முடியவில்லை. 2007 ஒக்டோபரில் அதன் இரண்டாம் பகுதி வந்தபோது யாழ்ப்பாணத்துக்கு ஏ9 பாதை பூட்டிக் கிடந்தது, அம்மம்மா உள்ளே இருந்தார். கதை நடப்பது 2307 இல். உலகத்தில் போரை ஒழிக்கப்போகிறோம் என்று வரும் கண்டங்கள் போய் இறங்கும் இடம் சிலோன் தீவு. சிங்களவர், தமிழர் என்று ஜப்பானியக் குரல் சொன்னபோது ‘தமிரு’ என்று காதில் விழுந்தது. நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இன்னும் முந்நூறு வருடத்துக்கும் இது முடியாது என்று எங்கோ இருந்து ஒருவர் எழுதி வைத்துவிட்டாரே என்று நெஞ்சு அடைத்தது. அந்தச் சண்டைக் காட்சியில் ஒரு தமிழ் முகமோ ஒரு சிங்கள முகமோ என் நினைவில் நிற்கவில்லை, மேலிருந்து வந்து அடிக்கும் இயந்திரங்கள்தான் நிற்கின்றன. இருபது நிமிடக் கார்ட்டூனிடம் வேறென்ன எதிர்பார்த்தாய் என்று கேட்டால் பதில் இல்லை. எங்களைக் கணக்கிலாவது எடுத்தார்களே என்று நன்றி சொன்ன நண்பர்களும் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கதாநாயகன் செட்சுனா சிறுவயதில் கையில் துவக்குக் கொடுக்கப்பட்டவன், அவனை அந்தத் தொடர் அக்கறையோடுதான் நடத்துகிறது. என்றாலும் அந்த இரண்டாம் பகுதியை நான் மறுபடி பார்க்கவில்லை.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. வார் இன் த பொக்கெட்டுக்கு முன்கதை எதுவும் தேவையில்லை, மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அதில் தொடங்காதீர்கள். முதலில் விங் அல்லது சீட் பாருங்கள். ரோபோக்களை விரும்புங்கள், பெயர்களைப் பாடமாக்குங்கள், எது பெரியது என்று நண்பர்களோடு சண்டை பிடியுங்கள், ஒரு ஸாக்கு மொடல் வாங்கி மேசையில் வையுங்கள். அதற்குப் பிறகு இந்த ஆறு பகுதியைப் பாருங்கள். கடைசிப் பகுதியில் பள்ளிக்கூடக் கூட்டத்தில் அவன் அழும்போது பக்கத்தில் நிற்கும் நண்பர்கள் அவனைத் தேற்ற ஒன்று சொல்வார்கள். அந்த வரியை இங்கே நான் எழுதவில்லை. வாசிக்காமல் மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.