குழந்தைக்குக் காது கேட்காததற்கு ‘ஜிஜேபி2’ ஜீன் காரணம் என்கிறது ரிப்போர்ட். இது யார் வழியாக வந்தது?

கேட்டவர் தந்திருக்கும் விவரம்: அத்தை மகனைக் கட்டியிருக்கிறார். ஒன்றரை வயது மகனுக்குப் பிறந்ததிலிருந்தே இரண்டு காதும் கேட்கவில்லை. இரண்டு வீட்டிலும் இதற்கு முன் யாருக்கும் இப்படி இல்லை. கர்ப்பமாக இருந்தபோது கிரகண நேரத்தில் வெளியே போனதுதான் காரணம் என்கிறார் மாமியார். இதற்கிடையில் தம்பிக்கு நாத்தனாரைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை. மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இந்த ஜீனை அடிக்கடி பார்க்கிறவன்.

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஜிஜேபி2 என்பது 13-வது குரோமோசோமில் இருக்கும் சின்ன ஜீன். கனெக்ஸின் 26 என்ற புரதத்தைச் செய்வது அதன் வேலை. ஒரு செல்லின் ஆறு கனெக்ஸின்கள் வட்டமாகச் சேர்ந்து, பக்கத்துச் செல்லின் ஆறோடு பொருந்தினால் ஒரு கால்வாய். பொதுச்சுவரில் வாசல் வைத்த மாதிரி, ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்கு அயனிகளும் சிறு மூலக்கூறுகளும் நேராகப் போய்வரலாம். உள்காதில் இந்தக் கால்வாய்கள் ஏராளம். சத்தம் வரும்போது உணர்செல்களுக்குள் பாயும் பொட்டாசியம் அங்கேயே தேங்காமல் திரும்பிப் போவதற்கு இவை தேவை. காது உருவாகும் கட்டத்திலேயே தேவை என்பதை எலிச் சோதனைகளும் காட்டியிருக்கின்றன.

உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் டபிள்யூ24எக்ஸ் இந்தியாவில் அதிகம் காணப்படும் மாற்றம். ஜீன் என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கு ரசாயன எழுத்துகளில் எழுதிய வரி மாதிரி. இந்த ஜீனின் 71-வது எழுத்து ‘ஜி’யாக இருக்க வேண்டும், ‘ஏ’ ஆகிவிட்டது. அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தில் ‘நிறுத்து’ என்று அர்த்தமாகிவிடுவதால், 226 அமினோ அமிலம் (புரதச் சங்கிலியின் கண்ணிகள்) நீள வேண்டிய புரதம் 23-லேயே நின்றுவிடுகிறது. (ஐரோப்பாவின் ரோமானி மக்களிடமும் இதே மாற்றம் உண்டு. அவர்களுடைய மூதாதையர் இந்தியாவிலிருந்து போனவர்கள்.)

எழுத்துக்கு ஒரு நிற முகடாக ஜீனைப் படித்துக் காட்டும் வரைபடம் எங்கள் திரையில் வரும். பையனுடைய வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரே ஒரு பச்சை முகடு நிற்கும், அது ‘ஏ’. அம்மா அப்பா இருவருடையதிலும் கறுப்பு ‘ஜி’யும் பச்சை ‘ஏ’யும் ஒன்றின்மேல் ஒன்றாக, பாதிப் பாதி உயரத்தில் இருக்கும். இந்த ஜீன் எல்லோரிடமும் இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி நன்றாக இருந்தாலே காது கேட்கும் என்பதால் உங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பையனுக்கு இரண்டு பக்கமிருந்தும் ‘ஏ’ வந்துவிட்டது.

சரி, யார் வழியாக? உங்கள் அப்பாவும் மாமியாரும் உடன்பிறந்தவர்கள். ஆகவே தாத்தா பாட்டி இருவரில் ஒருவரிடமிருந்து அவர்கள் இருவருக்கும் வந்து, அப்பா மூலம் உங்களுக்கும், அத்தை மூலம் உங்கள் கணவருக்கும் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். குறை சொல்கிற அத்தையிடமே அந்த ‘ஏ’ இருக்கலாம், அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். சண்டைக்குப் பயன்படுத்தச் சொல்லவில்லை. உங்களை மட்டும் கூண்டில் ஏற்றுவது அநியாயம் என்பதால் சொல்கிறேன். உறவே இல்லாத தம்பதிகளுக்கும் இது நடக்கிறது. சொந்தத்தில் கட்டும்போது வாய்ப்பு கூடுகிறது.

பையன் விஷயத்தில் நல்ல சேதி ஒன்று உண்டு. இந்த வகையில் கேட்கும் நரம்பு பொதுவாக நன்றாகவே இருக்கும், அதனால் காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) நல்ல பலன் தருகிறது. தள்ளிப்போடாதீர்கள். பேச்சு வரவேண்டிய வயது இது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை உண்டு, அரசு மருத்துவமனைக் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். அப்புறம் பேச்சுப் பயிற்சி. அதை விட்டுவிட்டால் கருவி வைத்தும் பெரிய பிரயோஜனம் இருக்காது.

அடுத்த குழந்தைக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, ஒவ்வொரு கர்ப்பத்திலும். ‘ஒன்றுக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது’ என்று யாராவது கணக்குப் போட்டால் நம்ப வேண்டாம். கர்ப்பம் தரிக்கும் முன்பே மரபணு ஆலோசகரைப் பார்த்துவிடுங்கள்.

தம்பி கல்யாணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் மேலே சொன்ன வழியில்தான் வந்தது என்றால், தம்பியிடம் அந்த ‘ஏ’ இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, நாத்தனாருக்கும் அதே. தேதி குறிக்கும் முன் இருவருக்கும் ரத்தம் எடுத்து அந்த ஓர் எழுத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். குடும்பத்தில் மாற்றம் இன்னதென்று தெரிந்துவிட்டதால் எல்லா ஜீன்களையும் அலசும் பெரிய டெஸ்ட் தேவையில்லை. பையனுடைய ரிப்போர்ட்டின் நகலைக் கையோடு கொடுத்துவிடுங்கள். இருவரில் ஒருவரிடம் இல்லையென்றாலே, இந்த மாற்றத்தால் அவர்கள் பிள்ளைகளுக்குக் காது போகாது.