பக்கத்து வீட்டுத் தகராறுக்குக் காப்புறுதி பணம் தருமா?

கேள்வி: தாமான் வீட்டில் இருக்கிறோம். வீட்டுப் பொருள்களுக்கு 40,000 வெள்ளிக்குக் காப்புறுதி உண்டு. இந்த ஆண்டு புதுப்பிக்கும்போது இன்னும் 75 வெள்ளி கட்டினால் வழக்குச் செலவுக்கும் காப்பு கிடைக்கும் என்கிறார் ஏஜெண்டு. பக்கத்து வீட்டார் கூரையை நீட்டியதால் மழைத் தண்ணீர் எங்கள் சுவரில் இறங்குகிறது. ஆறு மாதமாக வாய்ச்சண்டை. அதற்கு இது உதவுமா? பாலிசியில் ஏற்கெனவே 'சட்டப் பொறுப்பு' என்று இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஒன்றல்ல. சட்டப் பொறுப்பு என்பது பிறர் உங்களிடம் நட்டஈடு கேட்டால் கைகொடுப்பது. வீட்டுக்கு வந்தவர் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டால் அது பணம் தரும். பல பாலிசிகளில் அதன் வரம்பு 50,000 வெள்ளி. ஏஜெண்டு சொல்வது, நீங்கள் பிறர்மீது வழக்குப் போட ஆகும் வழக்கறிஞர் செலவு.

கூரைத் தண்ணீருக்கு அது உதவாது. காப்பு தொடங்கிய பிறகு முளைக்கும் தகராறுக்கு மட்டுமே இது பணம் தரும். படிவத்தில் 'ஏற்கெனவே தகராறு உண்டா' என்று கேட்டிருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். கேட்ட கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்வது மலேசியாவின் 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டப்படி உங்கள் கடமை. மறைத்தால் கோரிக்கையே விழுந்துவிடலாம். 75 வெள்ளியை விட்டுவிட்டு, அடுத்த மழையில் தண்ணீர் இறங்குவதைத் தேதியோடு படமெடுங்கள். கூரை நீட்ட அனுமதி வாங்கினார்களா என்று கோலகங்சார் நகராண்மைக் கழகத்துக்கு எழுத்து மூலம் கேளுங்கள்.

மற்ற தகராறுகளுக்காவது தேவையா? இங்கே பலவற்றுக்கு வழக்கறிஞரே வேண்டாம். வாங்கிய பிரிட்ஜ் ஓடவில்லை, கான்ட்ராக்டர் முன்பணத்தோடு மறைந்துவிட்டார் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, வரம்பு 50,000 வெள்ளி, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே வழக்கறிஞருக்கு இடமே இல்லை. காப்புறுதி நிறுவனத்தோடு சண்டை என்றால், பெரும்பாலும் இந்தக் காப்பே அதை விலக்கிவிடும். நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள், இத்தகைய தகராறுகளைத் தீர்த்துவைக்கும் நிதிச் சந்தை ஓம்பட்ஸ்மன் சேவைக்குப் போகலாம், கட்டணம் இல்லை.

நில எல்லை, வாடகைக்காரர், பக்கத்து வீட்டார் கட்டிய சுவர், இப்படி நீதிமன்றம் வரை இழுக்கும் விவகாரங்களில்தான் இந்தக் காப்புக்கு மதிப்பு. எடுப்பதானால் நிபந்தனைப் பக்கத்தில் நான்கைப் பாருங்கள்: தோற்றால் எதிர்த்தரப்புச் செலவையும் தருமா, ஒரு வழக்குக்கு வரம்பு எவ்வளவு, காத்திருப்புக் காலம் உண்டா, வழக்கறிஞர் யார் தேர்வு. இந்தக் காப்பை வீட்டுப் பாலிசியோடு சேர்த்து விற்கும் இங்கிலாந்தில், வெற்றி வாய்ப்பு 51 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. நிறுவனத்தின் ஒப்புதல் வருவதற்கு முன் நீங்களாகவே வழக்கறிஞருக்குக் கொடுத்த பணம் திரும்பாது. பலர் அடிபடுவது இங்கேதான்.

உங்களுக்கு இதைவிட அவசரமான ஓட்டை வேறு இருக்கிறது. 40,000 வெள்ளிப் பாலிசியில், தனியாக எழுதிக் கொடுக்காத ஒரு நகைக்குப் பொதுவாக 5 விழுக்காடுதான், அதாவது 2,000 வெள்ளி. இரண்டு பவுன் சங்கிலியே அதைத் தாண்டிவிடும். எல்லா நகையும் சேர்ந்து பாலிசித் தொகையில் மூன்றில் ஒரு பங்குதான். பொருள்களின் மதிப்பு உண்மையில் 60,000 என்றால், நீங்கள் காப்புறுதி எடுத்தது அதில் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான்; 9,000 வெள்ளி நட்டத்துக்கும் அதே கணக்கில் 6,000-தான் வரும். தாலிக்கொடி, வளையல், ஆரம் ஒவ்வொன்றையும் எடையோடு பட்டியலிட்டு, ரசீதின் நகலும் படமும் சேர்த்து ஏஜெண்டிடம் கொடுங்கள். அந்த 75 வெள்ளி, காப்புறுதித் தொகையைக் கூட்டுவதற்குப் போகட்டும்.

கேள்வி: தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறோம், வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம். நாங்களும் எடுக்கலாமா? வேலைப் பிரச்சினை வந்தால் வழக்குச் செலவுக் காப்பு தேவைப்படுமா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: எடுக்கலாம், பொருள்களுக்கு மட்டும். திருட்டுக்குப் பணம் வர, பூட்டையோ கதவையோ உடைத்த அடையாளம் வேண்டும்; திறந்த சன்னல் வழியாகக் கையை விட்டு எடுத்த கைப்பேசிக்கு வராது. வீட்டை 90 நாளுக்கு மேல் பூட்டிவைத்தாலும் சிக்கல். சம்பள பாக்கிக்குத் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள், வழக்கறிஞர் தேவையில்லை. வேலைநீக்கம் என்றால் நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுத்துவிட வேண்டும். நிர்வாகம் திரும்பக் கூப்பிடும் என்று காத்திருந்து நாளைத் தவறவிடாதீர்கள்.